பந்தலடிப் பசி

கனகவல்லி மில்லின் பெரிய கேட்டுக்கு எதிரே, பதினெட்டடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் உள்ள ஓர் இடத்தில், இருபத்தெட்டு வருஷமாக ஒரு பசி இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் போடாது, வாசனையும் கிடையாது; ஆனால் கல்யாணப் பந்தியில் மூன்றாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு வருகிற ஆள்கூட அதற்குள் கால் வைத்தால் வயிறு முதுகோடு ஒட்டிக்கொள்ளும், காது அடைக்கும், கண்ணில் பூச்சி பறக்கும், வெளியே வந்து அரைமணி போனால்தான் மறுபடி பாயச ஏப்பம் வரும். அந்த இடத்துக்கு மில் லைன் வீடுகளின் ஜனங்கள் பந்தலடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது எங்கள் பசி. நாங்கள் பதினேழு பேர், அங்கே போட்ட பந்தலின் கீழே இருபத்தொன்பது நாள் உட்கார்ந்து, தண்ணீரும் உப்பும் மட்டும் குடித்து உண்டாக்கியது.

அது ஏன் அங்கேயே தங்கிவிட்டது என்பதில் லைனில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. உண்ணாவிரதத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மாலை போட்டுத் தொடங்க வேண்டும், முடிக்கும்போது யாராவது எலுமிச்சைச் சாற்றைக் கையில் கொடுத்துக் குடிக்க வைக்க வேண்டும், சங்கச் செகரட்டரி மைக்கைப் பிடித்து, போராட்டம் முடித்துக்கொள்ளப்படுகிறது என்று சொல்ல வேண்டும். சாறும் வேண்டும், சொல்லும் வேண்டும். எங்களுடையதில் இரண்டும் நடக்கவில்லை. மந்திரியின் ஆள் பதினோராம் நாள் சாறு கொண்டு வந்தார், லேபர் ஆபீசர் பத்தொன்பதாம் நாள் கொண்டு வந்தார், மில் மேனேஜர் இருபத்தேழாம் நாள் கொண்டு வந்தார்; செகரட்டரி மூன்று பேரையும் திருப்பி அனுப்பினான். அந்தச் செகரட்டரி நான். இருபத்தொன்பதாம் நாள் போலீஸ் வேன் வந்து எங்களை அள்ளிக்கொண்டு போய் பெரியாஸ்பத்திரியில் கிடத்தி, ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட் ஆறுச்சாமி செத்துப்போனான். அடுத்த மாசம் மில்லை மூடினார்கள். மிச்சம் பதினாறு பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தோம். குளுக்கோஸ் எந்த உண்ணாவிரதத்தையும் முடித்து வைக்காது. பந்தலைப் பிரித்தார்கள், பசி எழுந்து போகவில்லை.

ஆரம்பத்தில் அதைக் கண்டு ஒதுங்கினவர்கள் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்புகிற குழந்தைகளைத் தாய்மார்கள் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு வந்து பந்தலடிக்குள் நிறுத்தி, தாங்கள் வெளியே நின்றபடி கையை மட்டும் நீட்டி ஊட்டினார்கள். மஞ்சள்காமாலையில் நாக்குச் செத்தவர்கள் ஒரு வாரம் காலையில் வந்து நின்றுவிட்டுப் போய்க் கஞ்சி குடித்தார்கள். கிடா விருந்துக்குப் போகிற ஆண்கள் போகும் வழியில் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள். நாய்கள் சுற்றிக்கொண்டு போகும். கார்ப்பரேஷன்காரர்கள் இரண்டு தடவை தார் போட்டார்கள், பசி தாருக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு தேர்தலில் விஷயம் தெரியாத கட்சி ஒன்று அங்கே மேடை போட்டது. வேட்பாளர் நாலு நிமிஷம் பேசிவிட்டு இறங்கி வந்து, கும்பிட்ட கையை எடுக்காமலே பதினோரு பஜ்ஜி தின்றார். யாரோ ஒரு நாள் சூலத்தை நட்டு மஞ்சள் துணி கட்டினார்கள். நான் அதைப் பிடுங்கி எறிந்தேன். அது சாமி இல்லை, போராட்டம்.

ஆறுச்சாமியின் பெண்சாதி மாராத்தாள் பந்தலடிக்குப் பத்தடி தள்ளித் தள்ளுவண்டி போட்டாள். புருஷன் செத்த பதினெட்டாம் நாள் பிறந்த பெண் குழந்தையை வண்டியின் கீழ்த்தட்டில் தூளி கட்டிப் போட்டுக்கொண்டு தோசை சுட்டாள். குழந்தைக்கு நான்தான் விடியல் என்று பெயர் வைத்தேன். அந்த வண்டி பிறகு ஓட்டுக் கூரையாகி, நாலு பெஞ்சு உள்ள மெஸ்ஸாகியது. அவள் கடையில் ஒரு நாளும் மாவு மீந்ததில்லை. அதைப் பற்றி ஏளனமாகப் பேசினவர்களிடம் அவள், எம் புருசன் சம்பாதிச்சு வெச்சுட்டுப் போனது அதொண்ணுதான், அதுல நாஞ் சோறு திங்கறன், உங்களுக்கு என்ன போச்சுங்க என்பாள்.

இப்படிக் காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான் மில்லின் கார்டிங் கட்டிடத்தைக் கண்ணாடி போட்டு இழைத்து, உள்ளே நாற்காலிகளுக்குப் பதிலாகப் பந்துகளும் மூட்டைகளும் போட்டு, ஸ்டார்ட்அப் தொடங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதற்கு ஏதோ ஒரு பெயர் உண்டு, லைனில் அதைக் கண்ணாடி ஆபீஸ் என்றோம். பஞ்சு பறந்து எங்கள் நுரையீரலில் படிந்த அதே கட்டிடத்தில் இப்போது குளிர்ந்த காற்று வந்தது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள் அதற்குள் இருந்துகொண்டு தங்களை நிறுவனர் என்று சொல்லிக்கொண்டார்கள். நிறுவுவதற்கு முன்னாலேயே நிறுவனர். மாசத்துக்கு ஒரு தடவை பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் முதலீட்டாளர்கள் வருவார்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து சுவரில் படம் காட்டிப் பத்து நிமிஷம் பேசுவார்கள், அதற்குப் பிட்ச் என்று பெயர், பேசி முடித்ததும் எல்லாரும் மாராத்தாள் கடைக்கு வந்து இங்கிலீஷில் தோசை தின்பார்கள்.

மூலைப் பெஞ்சில் கிழவன் ஒருவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் யாரும் குரலைத் தணிப்பதில்லை. அதனால் அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தெரியவந்தது. நான் நினைத்திருந்தது, பண்டத்தைப் பார்ப்பார்கள், அது ஜனங்களுக்கு உபயோகமா என்று பார்ப்பார்கள் என்று. பண்டத்தை அவர்கள் பார்ப்பதே இல்லை. மாட்டுச் சந்தையில் சுழி பார்க்கிறவன் பாலைப் பற்றியா கேட்கிறான்? ஆளைப் பார்த்தார்கள். தனியாக வந்தவனைவிட ஜோடியாக வந்தவன் மேல், ஒருவன் விழுந்தால் மற்றவன் இழுப்பான். வேலையை விட்டுவிட்டு வந்தவன் மேல், திரும்பிப் போக வழி இருக்கிறவன் ஆபத்து. ஒரு தடவை நொடித்தவன் நல்லது, இரண்டு தடவை நொடித்தவன் யோசிக்க வேண்டியது. சிறுவயசில் வறுமை இருந்திருக்க வேண்டும், ஆனால் இப்போது சட்டையில் அது தெரியக் கூடாது. கேட்டதற்குத் தெரியாது என்று ஒரு தடவை சொன்னால் நேர்மை, இரண்டாம் தடவை சொன்னால் மண்டு. பெண் பிள்ளையாக இருந்தால் கல்யாணம் எப்போது என்பதை வேறு ஏதோ கேட்பது போலக் கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சொல்லுக்குக் காத்திருப்பார்கள். எவ்வளவு பெரிதாக்குவாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்பார்கள். பிள்ளை இந்த ஜில்லா என்பான், பிறகு என்பார்கள், தமிழ்நாடு என்பான், பிறகு என்பார்கள், அப்போது அவன் வாயில் போதும் என்ற சொல் வந்துவிட்டால் சிரித்துக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள்.

அவர்களில் நிரஞ்சன் என்று ஒருவர் முக்கியமானவர். நாற்பத்தைந்து வயசிருக்கும், அழகாகத் தமிழ் பேசுவார், சாக்ஸ் போடாமல் ஷூ போடுவார், மாராத்தாளை அம்மா என்று கூப்பிடுவார், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் வைப்பார். ஒரு நாள் அவர் தோசை தின்று காப்பி குடித்துவிட்டு, போன் பேசிக்கொண்டே பந்தலடிக்குள் நடந்து போய்விட்டார். போன் கையிலிருந்து கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாங்கள் வழக்கமான ஆட்களைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிடுவார் என்று. அவர் வரவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எட்டு வருஷமா எனக்கு இது வரலைம்மா," என்றார் மாராத்தாளிடம். "நான் ஊர் ஊராப் போய்த் தேடறதே இதைத்தான். மத்த எல்லாத்தையும் நாங்க காசு குடுத்து வாங்கிடலாம். இதை மட்டும் வாங்க முடியாது."

பத்து நாளில் பந்தலடியைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வந்துவிட்டது, காவலாளி வந்துவிட்டான். கண்ணாடி ஆபீஸில் பிட்ச் இருக்கிற நாளில் பிள்ளைகளை முதலில் ஒவ்வொருவராக அதற்குள் நிற்க வைத்து, எத்தனை நிமிஷம் தாங்குகிறான் என்று பார்த்த பிறகே உள்ளே பேச விட்டார்கள். நல்ல வீட்டுப் பிள்ளைகள் எட்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கவில்லை. வாந்தி எடுத்தார்கள், அம்மாவைக் கூப்பிட்டார்கள். லைன் தாய்மார்கள் சோற்றுக் கிண்ணத்தோடு வந்து தடுப்புக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். நான் நோட்டீஸ் அடித்தேன். தொழிலாளியின் பசி தொழிலாளிக்கே என்று தலைப்பு வைத்து ஐந்நூறு நோட்டீஸ். வாங்கினவர்கள் படித்தார்கள், நியாயந்தானுங் செகரட்டரியண்ணா என்றார்கள், அப்புறம் அதே நோட்டீஸில் வடையை வைத்து எண்ணெயைப் பிழிந்தார்கள். தடுப்புக்கு வெளியே குடை வாடகைக்கு விடவும், நின்றுவிட்டு வருகிற பிள்ளைகளுக்கு இளநீர் விற்கவும் லைனிலேயே ஆட்கள் கிளம்பினார்கள். நாங்கள் பதினேழு பேரில் உயிரோடிருந்த ஐந்து பேரில் ஒருவர், அங்கே நின்று எப்படித் தாங்குவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனார். மூச்சை இழுத்து எங்கே நிறுத்துவது, நாக்கை எங்கே வைப்பது என்று. அவருடன் அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

இந்தச் சமயத்தில் விடியல் பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். கண்ணாடி ஆபீஸில் ஒரு மேஜை எடுத்தாள், ஆளிருக்கா என்று ஒரு செயலி செய்தாள். வீட்டில் தொட்டி கழுவ, தோட்டம் வெட்ட, மூட்டை இறக்க, எதற்கும் போனை ஒரு தட்டு தட்டினால் அரைமணியில் ஆள் வரும், மணிக்கணக்குக்குக் கூலி, வேலை முடிந்தால் போய்விட வேண்டும். எட்டு மணி நேரம் கிடையாது, லீவு கிடையாது, கேட் கிடையாது. கேட் இல்லாத இடத்தில் யார் கேட்மீட்டிங் போடுவது? நான் அவளிடம், உன் அப்பன் எதுக்காகச் செத்தானோ அதையெல்லாம் ஒரு போனுக்குள்ளே போட்டுப் புதைக்கிறாய் என்றேன். அவள் கோபப்படவில்லை. மாவுப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க கேட்ட எட்டு மணி நேரம் யாருக்குங் மாமா கெடைச்சுது? நான் ரெண்டு மணி நேரமாச்சும் வாங்கித் தர்றன்."

முதல் பிட்ச்சில் அவளை அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு பெரிதாக்குவாய் என்று கேட்டபோது, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, மூன்று ஊர் சரியாக நடந்தால் எனக்குப் போதும் என்று அவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அட்டையில் அவள் வித்யா என்று போட்டிருந்த பெயரைப் பார்த்துவிட்டு நிரஞ்சன், இது நிஜப் பெயரா என்று கேட்டார். இல்லை என்றாள். நிஜப் பெயரைச் சொன்னாள், அதை யார் எதற்கு வைத்தார்கள் என்றும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நிரஞ்சன் அந்த அட்டையை மேஜையில் கவிழ்த்து வைத்தார். அடுத்த மாசம் அந்தப் பெயரோடு வரச் சொன்னார், வரும்போது பந்தலடியில் நின்றுவிட்டு வரச் சொன்னார்.

அவள் நின்றாள். எட்டு நிமிஷம் போனது, அரைமணி போனது, காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தான், மூன்று மணி நேரம் அவள் கண்ணைக்கூட மூடாமல், தாய்வீட்டில் நிற்கிற மாதிரி நின்றாள். பிறகு தடுப்பைத் திறந்துகொண்டு வெளியே வந்து நேராகக் கண்ணாடி ஆபீஸுக்குள் போனாள். அவள் போன பிறகு காவலாளி உள்ளே கால் வைத்துப் பார்த்தான், ஒன்றுமில்லை. தார் ரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது. அன்று மாராத்தாள் கடையில் மாவு மீந்தது. பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பசி தன் ஆளோடு போய்விட்டது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

உள்ளே நடந்ததைப் பிற்பாடு பலர் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்து முதல் வாக்கியம் சொன்னதும் அறையில் இருந்த பதினான்கு முதலீட்டாளர்களுக்கும் வயிறு ஒட்டியது. தட்டில் இருந்த பிஸ்கெட்டைத் தின்றார்கள், சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டினார்கள், ஒரு அம்மாள் மேஜையில் இருந்த சாமந்திப் பூவைக் காம்போடு தின்றாள், தின்றுகொண்டே எல்லாரும் பணம் போடுகிறோம் என்று கையைத் தூக்கினார்கள். எவ்வளவு பெரிதாக்குவாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது.

அன்றிலிருந்து ஆளிருக்கா வளர்ந்தது, விடியல் இளைத்தாள். பசி அவளை விட்டு இறங்கவில்லை. காலையில் முப்பது தோசை தின்பாள், தின்று எழும்போதே கண்ணில் பூச்சி பறக்கும். ஐந்தாறு டாக்டர்கள் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று ஊர் பதினோரு ஊராகியது, பதினோரு ஊர் நாற்பது ஊராகியது, அவள் கன்னத்து எலும்பு வெளியே வந்தது, கழுத்தில் நரம்பு தெரிந்தது, பத்திரிகைகளின் அட்டையில் அவள் படம் வந்தது. இந்தப் பெண் தூங்குவதில்லை, போதும் என்ற சொல் இவளுக்குத் தெரியாது என்று நிரஞ்சன் மேடைகளில் சொன்னார். அவள் இளைக்க இளைக்க அவள் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் அதிகமானார்கள். லைன் ஜனங்கள் இதையும் பழகிக்கொண்டார்கள். அவள் வருகிற தெருவில் முன்கூட்டியே குழந்தைகளைச் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நிற்க வைத்தார்கள், அவள் நடந்து கடக்கிற அரை நிமிஷத்தில் இரண்டு வாய் உள்ளே போய்விடும்.

கார்த்திகை மாசம் அவள் நடக்க முடியாமல் போனாள். கண்ணாடி ஆபீஸில், பழைய பஞ்சு குடோன் இருந்த அறையில் ஒரு கட்டில் போட்டு அவளைக் கிடத்தி, போனைக் கையில் கொடுத்திருந்தார்கள். மாராத்தாள் என் வீட்டுக்கு வந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என் வீட்டு வாசற்படி ஏறினதில்லை.

"சாறு கொடுத்து முடிச்சு வையுங்க செகரட்டரியண்ணா," என்றாள். "எம் புள்ள அவங்கப்பனாட்டம் போயிருவா."

முடிப்பதென்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பத்தொன்பது கோரிக்கை. ஒன்றும் நிறைவேறவில்லை. நான் முடித்துக்கொள்ளப்படுகிறது என்று சொல்லாத வரைக்கும் அந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது, நாங்கள் தோற்கவில்லை. இந்த ஒரு கணக்கின் மேல்தான் நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன். சாறு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம், சொல் எதற்கு என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"இருவத்தேழாம் நாள் மேனேஜர் கொடுத்த டம்ளரை எம் புருசன் கையில வாங்கிட்டாருங். உதடு வரைக்கும் கொண்டு போயிட்டாரு. நான் எதுத்தாப்புல வயித்துப் பாரத்தோட நின்னுட்டு இருந்தன். தட்டி உட்டது உங்க கைதானுங்களே."

என் கைதான். பந்தலின் கீழே உருண்ட அந்த எவர்சில்வர் டம்ளரின் சத்தம் எனக்கு எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ரெண்டு நாள் தாங்கு ஆறுச்சாமி, மேனேஜரே இறங்கி வந்துட்டான், இன்னும் ரெண்டே நாள் என்று நான் சொன்னேன். அவன் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.

சாற்றை எடுத்துக்கொண்டு போனேன். அறையில் நிரஞ்சன் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார். வெள்ளிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து பெரிய முதலீட்டாளர்கள் வருகிறார்கள், அதற்குப் பிறகு எந்த வைத்தியம் வேண்டுமானாலும் செய்யலாம், இப்போது இதை இறக்கிவிட்டால் அவர்கள் வந்து என்னத்தைப் பார்ப்பார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் அவரை ஒதுக்கிவிட்டு டம்ளரை விடியலின் வாயருகில் கொண்டுபோனேன். அவள் கையைத் தூக்கித் தட்டிவிட்டாள். எலும்பாக இருந்த கை, ஆனாலும் டம்ளர் உருண்டது, அதே சத்தம்.

"இன்னும் மூணே நாள் மாமா," என்றாள். "சிங்கப்பூர்க்காரனே எறங்கி வர்றான். இன்னும் மூணே நாள் தாங்கிக்கறன்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த உண்ணாவிரதத்துக்கு அறுபத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் என்னைத் தவிர மற்றப் பதினாறு பேரையும் நான்தான் பொறுக்கினேன். என்ன பார்த்தேன்? கைக்குழந்தைக்காரனாகப் பார்த்தேன், பெண்சாதி முழுகாமல் இருப்பவனாகப் பார்த்தேன், ஊரில் காணி நிலம் இல்லாதவனாக, திரும்பிப் போக வழி இல்லாதவனாகப் பார்த்தேன். ஆறுச்சாமிக்கு இயற்கையாகவே ஒட்டின கன்னம், போட்டோவில் நன்றாக விழும் என்று அவனை முன்வரிசையில் உட்கார வைத்தேன். போதும் என்று சொல்லக்கூடியவன் என்று தோன்றினவர்கள் பெயரை அடித்தேன். கேட்மீட்டிங்கில் நான் ஒரு நாளும் போதும் என்ற சொல்லைச் சொன்னதில்லை, அது காட்டிக்கொடுப்பவன் சொல் என்றேன். நிரஞ்சனை நான் முதல் நாளிலிருந்தே எதற்காக வெறுத்தேன் என்பது எனக்கு அப்போது விளங்கியது. ஒரே சந்தையில் ஒரே சுழி பார்க்கிறவர்கள் நாங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நிரஞ்சனே கார் அனுப்பினார். விடியலின் அப்பாவோடு உண்ணாவிரதம் இருந்த செகரட்டரி என்று என்னை மேடையேற்றி இரண்டு நிமிஷம் பேச வைத்தால் கதை முழுமையாக இருக்கும் என்று அவர் நினைத்தார். போனேன். மாராத்தாளும் வந்தாள், முந்தானைக்குள் டம்ளரை மூடிக்கொண்டு. கார்டிங் மெஷின்கள் நின்ற இடத்தில் வரிசையாகச் சிங்கப்பூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விடியலைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அறை முழுக்க வயிறு ஒட்டியது. தட்டுகள் காலியாகத் தொடங்கின. என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"கனகவல்லி மில் தொழிலாளர் சங்கத்தின் சார்பில், இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேட்டில் தொடங்கிய காலவரையற்ற உண்ணாவிரதப் போராட்டம்," என்றேன். அதுவரை வந்தது. மாராத்தாளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்றோடு முடித்துக்கொள்ளப்படுகிறது. கோரிக்கை பத்தொன்பது. நிறைவேறியது ஒன்றும் இல்லை. நாங்கள் தோற்றோம்."

அவர்கள் கைதட்டினார்கள். வாயில் பிஸ்கெட்டோடு எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு விடியலிடம் போனேன். அவள் கை எழவில்லை. நிரஞ்சனைப் பார்த்தாள், அவர் வேண்டாம் என்று தலையசைத்தார், சிரிப்பு மாறாமல். என்னைப் பார்த்தாள், குடிப்பதற்கு நான் அவளுக்கு ஒரு காரணமாகவே தெரியவில்லை. கடைசியாக அம்மாவைப் பார்த்தாள். மாராத்தாள் குழந்தைக்குச் செய்வது போலத் தன் வாயைத் திறந்து காட்டினாள். மகளும் வாயைத் திறந்தாள். மூன்று மிடறு. நாலாவது மிடறில் அறையில் எல்லாரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, கையில் இருந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பசி போய்விட்டது. இருபத்தெட்டு வருஷம் இருந்தது, ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாற்றில் போய்விட்டது.

சிங்கப்பூர்க்காரர்கள் மத்தியானம் சாப்பிடாமலே விமானம் ஏறினார்கள். கம்பெனியை நிரஞ்சன் எடுத்துக்கொண்டு வேறு ஒருவனை உட்கார வைத்தார், ஏதோ ஒரு காகிதத்தில் அதற்கும் இடம் வைத்திருந்தார்கள். ஆளிருக்கா இப்போதும் ஓடுகிறது, எங்கள் லைனிலிருந்தே நாற்பது பேர் அது கூப்பிட்ட இடத்துக்கு ஓடுகிறார்கள். தெற்கே ஏதோ ஊரில், மூடிக்கிடக்கிற தீப்பெட்டி ஆலை வாசலில் இப்படி ஒரு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நிரஞ்சன் அங்கே போய்விட்டாராம். கண்ணாடித் தடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் இப்போது குழந்தைகளைப் போனைக் காட்டிச் சாப்பிட வைக்கிறார்கள். நான் காலை எட்டு மணிக்குப் பந்தலடியில் போய் நின்று பார்க்கிறேன். பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், ஒதுங்குகிறேன்.

சாறு கொடுத்த நாலாம் நாள், மாராத்தாள் கடையில் என் மூலைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விடியல் வந்து எதிர்ப்பெஞ்சில் உட்கார்ந்தாள். என்னிடம் ஒன்றும் பேசவில்லை, இன்றுவரைக்கும் பேசவில்லை. அப்பன் விட்டுவிட்டுப் போன ஒன்றே ஒன்றையும் பிடுங்கிக்கொண்டான் என்று மற்றவர்களிடம் சொன்னாளாம். அதில் பொய் இல்லை. மாராத்தாள் தோசை வைத்தாள். தின்றாள். இன்னொன்று வைத்தாள், பாதியைத் தின்று மீதியைச் சட்னியில் ஒற்றி மெதுவாகத் தின்றாள். மூன்றாவதைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு மாராத்தாள் வந்தபோது, தட்டின் மேல் கையை விரித்து மறைத்தாள்.

"போதும்மா."

மாராத்தாள் கரண்டியோடு நின்றாள். அந்தக் கடையில் அவள் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை, அதைக் கேட்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. பிறகு இந்தப் பக்கம் திரும்பி, என் முகத்தைப் பார்க்காமல், அதை என் தட்டில் போட்டுவிட்டுப் போனாள்.

எனக்குப் பசியில்லை. தின்றேன்.